ரஷ்ய மொழியில் மின்திறன் அலகுகள்: பெயர்ப்பலகையிலிருந்து தொடங்கும் ஒரு செய்முறை

ரஷ்ய மொழியில் உள்ள மின்னியல் கையேடுகளைப் படிக்க விரும்பும் தொடக்கநிலை மாணவர் பெரும்பாலும் அகராதியைத் திறந்து சொற்களை மனப்பாடம் செய்யத் தொடங்குவார். மின்திறன் அலகுகளைப் பொறுத்தவரை அந்த வழி அவ்வளவாகப் பயன்படுவதில்லை. வாட், வோல்ட், ஆம்பியர் ஆகியவை ரஷ்யத்திலும் வாத், வோல்த், அம்பேர் என்று ஏறக்குறைய அதே ஒலியோடுதான் வழங்குகின்றன. படிப்பவரை இடறச் செய்பவை அவற்றின் சுருக்கக் குறியீடுகளும், எண்ணுக்குப் பின்னால் அவை ஏற்கும் விகுதிகளுமே. ஆகவே மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துகளிலிருந்து தொடங்குவதே நல்லது. ரஷ்ய எழுத்துகளின் பெயர்கள் மட்டும் முன்பே தெரிந்திருந்தால் போதும்.

படி 1: குறியீடுகளைப் பிரித்தறிதல்

வோல்ட்டும் வாட்டும் ரஷ்யத்தில் 'வே' என்னும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஆங்கிலத்தின் பெரிய 'பி' (B) போலத் தோன்றும் இந்த எழுத்து தனியே நின்றால் வோல்ட். அதை ஒட்டிச் சிறிய 'தே' வந்தால் வாட். அச்சில் இந்தச் சிறிய 'தே', ஆங்கிலப் பெரிய 'டி'யை (T) சுருக்கியது போலவே இருக்கும். ஆனால் கையெழுத்திலும் சாய்வெழுத்திலும் அது ஆங்கிலச் சிறிய 'எம்' போல மாறிவிடும். மின்நிலையக் குறிப்பேடுகளைப் படிக்க நேர்ந்தால் இதை மறக்கக் கூடாது.

முன்னொட்டுகளில் கிலோவுக்குச் சிறிய 'கா'வும், மெகாவுக்குப் பெரிய 'எம்'மும், கிகாவுக்குத் தமிழ் 'ட'வை மேல்கீழாகக் கவிழ்த்தது போன்ற 'கே'யும் வரும். மில்லிக்கும் 'எம்'தான், ஆனால் சிறியது. ரஷ்ய அச்செழுத்தில் பெரிய 'எம்'மும் சிறிய 'எம்'மும் ஒரே வடிவில், அளவில் மட்டும் வேறுபடுவதால், கவனக்குறைவாகப் படிப்பவர் நூறு கோடி மடங்கு பிழையோடு முடிப்பார்.

இந்த விதிகளைத் தரப்படுத்தியுள்ள ஆவணம் 'கோஸ்த்' எனப்படும் அரசுத் தரநிலைகளில் ஒன்றான கோஸ்த் 8.417. பன்னாட்டுக் குறியீடு, ரஷ்யக் குறியீடு இரண்டையும் அது ஏற்கிறது. இதற்கிடையில், அலகுகள் ரஷ்ய எழுத்தில் இருந்தாலும் அளவுகளின் குறிகள் ரோமன் எழுத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள்: திறனுக்கு 'பி' (P), மின்னோட்டத்துக்கு 'ஐ', மின்னழுத்தத்துக்கு 'யு'. நம் பாடநூல்களில் மின்னழுத்தத்துக்கு 'வி' பழகியவர்களுக்கு அந்த 'யு' சில நாட்கள் உறுத்தும்.

படி 2: மூவகைத் திறன்

திறன் என்பதற்கு ரஷ்யச் சொல் 'மோஷ்னஸ்த்'. அதன் முன்னால் வரும் அடைமொழியைப் பார்த்தாலே அலகை ஊகித்துவிடலாம். 'அக்தீவ்னயா' என்றால் உண்மையில் வேலை செய்யும் திறன், அதன் அலகு வாட். 'ரியக்தீவ்னயா' என்றால் ரியாக்டிவ் பவர், அதாவது வேலை செய்யாமல் சுற்றில் முன்னும் பின்னும் ஊசலாடும் திறன், அதன் அலகு 'வார்'. 'போல்னயா' என்றால் இரண்டும் சேர்ந்த முழுத்திறன், அதன் அலகு வோல்ட்-ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவு எப்போதும் இந்த மூன்றாவது அலகில்தான் குறிக்கப்படும். 'தே-எம் 630/10' என்ற பலகையைக் கண்டால், மூன்று கட்டங்கள் (த்ரீ ஃபேஸ்) கொண்ட, எண்ணெயில் குளிரும் டிரான்ஸ்ஃபார்மர், 630 கிலோவோல்ட்-ஆம்பியர், உயர்பக்க மின்னழுத்தம் 10 கிலோவோல்ட் என்று படிக்க வேண்டும்.

படி 3: எண்ணோடு சேர்த்துச் சொல்லுதல்

மிகுதியான பயிற்சி வேண்டியது இங்கேதான். ரஷ்யத்தில் எண்ணுக்குப் பின்வரும் பெயர்ச்சொல், அந்த எண்ணின் கடைசிச் சொல்லைப் பொறுத்து வடிவம் மாறும். ஒன்றில் முடிந்தால் எழுவாய் ஒருமை. இரண்டு, மூன்று, நான்கில் முடிந்தால் ஆறாம் வேற்றுமை ஒருமை. ஐந்து முதல் மேலே செல்லும் எண்களுக்கு ஆறாம் வேற்றுமைப் பன்மை. நல்வாய்ப்பாக, எண்ணோடு வரும்போது வாட், வோல்ட், ஆம்பியர் மூன்றுக்கும் பன்மை வடிவம் விகுதியின்றி எழுவாய் ஒருமையைப் போலவே இருக்கும். எனவே 'அதீன் வாத்', 'த்வா வாத்தா', 'பியாத் வாத்' என்று வரும்; நினைவில் நிறுத்த வேண்டிய மாற்றம் நடுவில் உள்ள அந்த 'ஆ' ஒன்றே. இருபத்திரண்டுக்கும் அதே 'ஆ' வரும், பன்னிரண்டுக்கு வராது. ஏனெனில் 11 முதல் 14 வரையுள்ள எண்கள் ஐந்தின் வகையைச் சேர்ந்தவை.

தசம எண்கள் எப்போதும் ஆறாம் வேற்றுமை ஒருமையையே ஏற்கும். ஒன்றரை கிலோவாட் என்பது 'பல்தரா கிலவாத்தா'. எழுத்தில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவார்கள்; ஆகவே 1,500 என்று கண்டால் அது ஒன்றரைதான், ஆயிரத்து ஐந்நூறு அன்று. ஆயிரங்களைப் பிரிக்க அவர்கள் சிறு இடைவெளி விடுவார்கள்.

படி 4: ஆற்றலைத் திறனோடு குழப்பாமை

கிலோவாட்-மணி ரஷ்யத்தில் 'கிலவாத்-ச்சாஸ்'. அதன் குறியீட்டின் இறுதியில் எண் 4 போலத் தோன்றும் 'ச்சே' என்ற எழுத்து வரும். இதில் முதற்பகுதி மாறாது, 'ச்சாஸ்' மட்டுமே வேற்றுமை ஏற்கும்: 'த்வா கிலவாத்-ச்சசா', 'பியாத் கிலவாத்-ச்சசோஃப்'. பேச்சில் இந்த மாதம் நூறு 'கிலவாத்' செலவானது என்று சொல்வார்கள். நாம் யூனிட் என்பதைத்தான் அங்கே குறிக்கிறார்கள். தொழில்நுட்ப எழுத்தில் இந்தச் சுருக்கத்தைப் பின்பற்றக் கூடாது.

படி 5: உண்மையான வரிகளைப் படித்தல்

யெனிசெய் ஆற்றின் சயானோ-ஷுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தின் 'உஸ்தனோவ்லின்னயா மோஷ்னஸ்த்', அதாவது நிறுவுதிறன், 6 400 மெகாவாட்; 640 மெகாவாட் கொண்ட பத்து இயந்திரங்கள். இதை உரக்கப் படிக்கும்போது 'ஷேஸ்த் தீஸிச் ச்சிதீரிஸ்தா மெகவாத்' என்று வரும். அடுத்ததாகக் கூடங்குளத்தில் நிறுவப்பட்ட 'வே-வே-ஏ-எர் 1000' அணுஉலையை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பெயரில் உள்ள இரண்டு 'வே'களும் வோல்ட் அல்ல, தண்ணீரைக் குறிப்பவை: நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் தணிப்பானும் குளிர்விப்பானும் தண்ணீரே. 1000 என்பது மின்திறன்; அதே உலையின் வெப்பத்திறன் 3 000 மெகாவாட்.

இயந்திர வாகனங்களுக்கு 'லஷதீனயா சீலா' என்ற குதிரைத்திறன் இன்றும் வழக்கில் உள்ளது. ரஷ்ய வாகன வரியே அதன்படிதான் கணக்கிடப்படுகிறது. இது சுமார் 735.5 வாட், 745.7 வாட் கொண்ட ஆங்கிலேயக் குதிரைத்திறன் வேறு. இறுதியாக, மின்சாரத்தோடு நகருக்கு வெந்நீரும் தரும் 'தேத்ஸ்' வகை நிலையங்களின் குறிப்பில் மெகாவாட்டுக்குப் பக்கத்தில் மணிக்கு இத்தனை கிகாகலோரி என்ற அளவும் இருக்கும். மணிக்கு ஒரு கிகாகலோரி 1.163 மெகாவாட்டுக்குச் சமம் என்பதால், மணிக்கு 100 கிகாகலோரி என்று கண்டால் அதை 116.3 மெகாவாட் வெப்பத்திறன் என்று எழுதிக்கொள்ளலாம். அதை மின்திறனோடு கூட்டிவிடக் கூடாது.