யாருக்கு எழுதினார் என்று கேட்டுக்கொண்டே படிப்பது: சோர் ஹுவானாவின் கவிதைகளுக்கு ஒரு வாசிப்பு வழிகாட்டி

காலனிக் கால மெக்சிகோவின் கன்னியாஸ்திரி சோர் (ஸ்பானிய மொழியில் 'சகோதரி') ஹுவானா இனேஸ் டெ லா குரூஸின் பெயரைக் கேள்விப்பட்டு நூலைக் கையில் எடுப்பவர்கள், பெரும்பாலும் 975 அடி கொண்ட 'முதல் கனவு' என்ற நெடும்பாட்டில் தொடங்கி, ஐம்பது அடி தாண்டுவதற்குள் களைத்துவிடுகிறார்கள். அதைக் கடைசிக்கு வைத்துவிட்டு, ஒரு செருப்பிலிருந்து தொடங்குங்கள். நியூ ஸ்பெயினின், அதாவது அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மெக்சிகோவின், ராஜப்பிரதிநிதியின் மனைவியும் பரேதெஸ் சீமாட்டியுமான மரியா லூயிஸாவுக்கு, மெக்சிகோ பாணியில் பூவேலை செய்த ஒரு செருப்பையும் கொஞ்சம் சாக்லேட்டையும் அனுப்பியபோது ஹுவானா கூடவே ஒரு கவிதையையும் வைத்தார். கையுறையைக் கழற்றி எறிவது போருக்கு அழைப்பதாகும் என்றால், செருப்பை எறிவது சரணடைந்ததற்கு அடையாளமாகத்தானே இருக்க வேண்டும் என்று அது விளையாட்டாகத் தொடங்குகிறது. பொருளும் பாட்டும் ஒரே கூடையில் போயிருக்கின்றன என்பதை மறந்துவிட்டால் இந்தக் கவிதையில் பாதிதான் நமக்குக் கிடைக்கும்.

ஆகவே எந்தக் கவிதையை எடுத்தாலும் முதலில் அதன் தலைப்புக் குறிப்பைப் படியுங்கள். யாருக்கு, எந்த நாளுக்கு, எதனோடு சேர்த்து அனுப்பப்பட்டது என்பவற்றை அது பல இடங்களில் சொல்லிவிடும். ஆனால் அந்தக் குறிப்புகளில் பல பதிப்பித்தவர்கள் சேர்த்தவை என்பதால், அவற்றைக் கவிஞரின் வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹுவானா 1669-இல் மெக்சிகோ நகரின் புனித ஜெரோம் மடத்தில் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1695-இல் கொள்ளைநோயில் விழுந்த சகோதரிகளுக்குப் பணிவிடை செய்து தானும் இறக்கும்வரை அந்த மடத்திலேயே இருந்தார். பார்க்க வந்தவர்களோடு சந்திப்பறையின் கிராதிக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் பேச முடியும். ஆனால் அவருடைய எழுத்துக்கு அந்தக் கிராதி தடையாக இருக்கவில்லை. மெக்சிகோ, புவெப்லா, ஓஹாகா பேராலயங்களின் விழாக்களுக்குப் பாடல்கள் எழுதித் தந்தார். 1680-இல் புதிய ராஜப்பிரதிநிதியை வரவேற்ற அலங்கார வளைவின் கருத்தமைப்பும் அவருடையதே. முதல் தொகுப்பு 1689-இல் மாட்ரிட்டில் அச்சேறியதற்கு, ஸ்பெயினுக்குத் திரும்பிய அந்தச் சீமாட்டியே காரணம். தனிமையில் அழுதபடி எழுதிய துறவி என்ற படத்தை மனதில் வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தால் இதில் எதுவும் பிடிபடாது.

அடுத்ததாக, வாய்விட்டுப் படியுங்கள். ஸ்பானிய மொழி தெரியாவிட்டாலும் ஓரடியையாவது எண்ணிப் பார்க்கலாம். பெண்களைக் குறை சொல்லும் ஆண்களை அவர் சாடும் புகழ்பெற்ற பாட்டின் முதலடியை ஓம்-ப்ரெஸ்-நே-சியோஸ்-கேஅ-கு-சாய்ஸ் என்று பிரிக்க வேண்டும். 'கே'யும் 'அ'வும் ஒட்டி ஓரசையாகிவிடும். நம் இலக்கணத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே உடம்படுமெய் வந்து நிற்கும், அங்கே இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகும். ஏழு அசைதான் வருகிறதே என்று திகைக்க வேண்டாம், அழுத்தமான அசையில் முடியும் அடிக்கு ஒன்று கூட்டி எட்டாகக் கொள்வது அவர்கள் வழக்கம். இப்படி எட்டசை அடிகள் நான்கு, முதலும் நான்காவதும் ஓர் இயைபு, நடுவிரண்டும் வேறோர் இயைபு என்று அமைந்தால் அது 'ரெதோந்தியா'.

இந்த அளவு போதும், சேர்ந்து படிக்க ஒரு கூட்டத்தைச் சேர்த்துவிடலாம். நான்கைந்து பேர் இருந்தால் நல்லது, ஏனென்றால் அடுத்து படிக்க வேண்டியவை விடுகதைகள். போர்ச்சுகலின் பல மடங்களைச் சேர்ந்த கன்னியாஸ்திரிகள் 'இன்ப இல்லம்' என்ற பெயரில் ஓர் இலக்கிய அவையாகக் கூடியிருந்தார்கள். அந்த அவைக்கு ஹுவானா 20 விடுகதைகளை, ஒவ்வொன்றும் ஒரு ரெதோந்தியாவாக, எழுதி அனுப்பினார். 1695 என்று ஆண்டிட்ட அந்தச் சிறுநூல் கையெழுத்துப் பிரதிகளாகவே உலவி, 1968-இல்தான் ஆய்வாளர் ஒருவரால் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. விடுகதைகளுக்குப் போவதற்கு முன் அதன் முன்பக்கங்களைப் படியுங்கள். அக்காலத்தில் ஒரு நூல் அச்சாக வேண்டுமானால் திருச்சபை ஆண்களின் தணிக்கைக் கருத்தும் உரிமமும் வேண்டும்; இந்த நூலிலோ சாற்றுகவிகளை மட்டுமல்லாமல் தணிக்கையையும் உரிமத்தையும்கூடக் கன்னியாஸ்திரிகளே பாட்டாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், விடுகதைகளைவிட இந்தக் குறும்பே அந்த அவையைப் பற்றி அதிகம் சொல்கிறது.

நூலில் விடைகள் இல்லை. பின்னாளில் ஆய்வாளர்கள் ஊகித்த விடைகளோடு கூடிய பதிப்பு உங்களிடம் இருந்தால் அந்தப் பக்கங்களை மடித்து வையுங்கள். ஆளுக்கொரு தாளில் விடையை எழுதி முடித்த பிறகே விவாதம். முதல் விடுகதையின் கருத்து ஏறத்தாழ இது: உயிரோடு இருக்கும்வரை கொல்வாள், உயிர் கொடுக்கும்போது சாவாள், இரக்கமும் நன்றிகெட்டதனமும் சேர்ந்த அந்தக் கொலைகாரி யார்? எங்கள் கூட்டத்தில் ஒருவர் சட்டென்று வாழை என்றார். குலை தள்ளிச் சாகிறது, சரி. ஆனால் வாழை யாரையும் கொல்வதில்லை. மேலும் மூலத்தில் அந்தச் சொல் பெண்பாலில் இருப்பதால், விடையும் ஸ்பானிய மொழியில் பெண்பால் பெயராகத்தான் இருக்க வேண்டும். இந்தத் துப்பைத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். 'எஸ்பெரான்சா', அதாவது நம்பிக்கை, எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: நிறைவேறாதவரை வதைக்கிறது, நிறைவேறிய கணத்தில் அதற்கு வேலை இல்லாமல் போகிறது.

ஹுவானாவின் 1691-ஆம் ஆண்டுப் பதில் கடிதத்தையும் 'யாருக்கு எழுதினார்' என்ற அதே கேள்வியோடு படிக்கலாம். அது 'சோர் ஃபிலோத்தேயா' என்ற கன்னியாஸ்திரிக்கு எழுதப்பட்டது. அந்தப் பெயருக்குள் இருந்தவரோ புவெப்லாவின் ஆயர். நெய்யில் சேர்ந்து பொரியும் முட்டை பாகில் சிதறிப்போவதைச் சொல்லி, அரிஸ்டாட்டில் சமைத்திருந்தால் இன்னும் அதிகம் எழுதியிருப்பார் என்று சிரிக்கும் இடத்தை, ஒரு சகோதரியிடம் பேசுவதாக ஒரு முறையும், ஆயரிடம் பேசுவதாக இன்னொரு முறையும் உரக்கப் படித்துப் பாருங்கள்.

வேறு மடங்களின் எழுத்துக்குப் போகும்போது ஓர் எச்சரிக்கை. இன்றைய கொலம்பியாவின் துன்ஹா நகரில் புனித கிளாரா மடத்தில் வாழ்ந்த மாத்ரே காஸ்தில்யோ (1671–1742), சகோதரியின் கணவருடைய கணக்குப் புத்தகத்தின் வெற்றுப் பக்கங்களில் எழுதி வந்தார். அதிலிருந்த சில கவிதைகள் நெடுங்காலம் அவருடையவை என்றே எண்ணப்பட்டன. பிறகுதான் அவை ஹுவானாவின் பாடல்களைப் பார்த்து எழுதிக்கொண்டவை என்று தெரிந்தது. எனவே ஒரு கன்னியாஸ்திரியின் ஏட்டில் பாட்டைக் கண்டால், இவர் எழுதினாரா, படித்துப் பிடித்துப்போய்ப் படியெடுத்தாரா என்று முதலில் பாருங்கள். படியெடுத்தது என்றால் அதை ஒதுக்கிவிடாமல், இவர் என்ன படித்தார் என்ற தனிப் பட்டியலில் எழுதி வையுங்கள்.