மண்டபம் கரையிலிருந்து பிஎச்டி வரை: காட்டுயிர்ப் பாதுகாப்பில் சமூக ஆராய்ச்சிக்கு வருவது எப்படி?

போன மாதம் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுத் தம்பி ஒருவன், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விசாரித்துவிட்டு, "நான் பி.ஏ. சமூகவியல்க்கா. விலங்கியல் படிக்கலையே, எனக்கெல்லாம் இதுல இடம் இருக்குமா?" என்று கேட்டான். உச்சிப்புளி தாண்டும்போது பாதிதான் சொல்லியிருந்தேன். மண்டபத்தில் நான் இறங்கிவிட்டேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இது என்ன படிப்பு?

கடல் பசு எத்தனை இருக்கிறது, கடல்புல் எங்கே வளர்கிறது என்று பார்ப்பது உயிரியல். வலையில் சிக்கிய ஆவுளியாவை (கடல் பசுவுக்கு எங்கள் ஊர்ப் பெயர்) ஒரு மீனவர் வலையை அறுத்து விட்டுவிடுகிறார், இன்னொருவர் ஏன் விடுவதில்லை? அறுத்த வலைக்கு யார் காசு கொடுப்பது? தீவுக்குப் போகக்கூடாது என்று சட்டம் போட்டபோது ஊரில் யாரைக் கேட்டார்கள்? இதையெல்லாம் பார்ப்பதுதான் பாதுகாப்பின் சமூக அறிவியல். சமூகவியல், மானுடவியல், பொருளாதாரம், புவியியல், உளவியல் என்று எதைப் படித்தவரும் வரலாம். விலங்கியல்காரரும் வரலாம், மனிதர்களிடம் பேசப் பழகிக்கொண்டால்.

நம் கரையில் இதற்கான சரக்கு ஏராளம். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டருக்கு உயிர்க்கோளக் காப்பகம். 2001-இல் கடல் அட்டை (கடலடியில் வாழும், வெள்ளரிக்காய் வடிவ உயிரி) மொத்தமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் ஏறியது. அதுவரை மூழ்கி அட்டை எடுத்துப் பிழைத்தவர் மறுநாளிலிருந்து குற்றவாளி. ஆனால் எதிர்க்கரையில், இலங்கையில், உரிமம் வாங்கினால் அதே அட்டையை எடுக்கலாம். 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடல் பசுப் பாதுகாப்பகம் அறிவித்தார்கள். அது நமக்கு வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடலில் இருக்கிறது. 2025-இல் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம். இந்த ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஏதோ ஒரு ஊரில் யாரோ தன் பிழைப்பை மாற்றியிருக்கிறார்கள். அவர்களிடம் பேசியவர்கள்தான் குறைவு.

படி 1: விலங்கை விடுங்கள், கேள்வியைப் பிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் எழுதிக் கொண்டுவரும் தலைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'மன்னார் வளைகுடா மீனவர்களிடையே கடல் பாதுகாப்பு விழிப்புணர்வு, ஓர் ஆய்வு.' நூறு பேரிடம் படிவம் நிரப்பி, கடைசியில் 'விழிப்புணர்வு போதாது, முகாம் நடத்த வேண்டும்' என்று முடியும். ஆராய்ச்சி தொடங்கும் முன்பே தெரிந்த பதில் அது. என்னைக் கேட்டால் அந்த வார்த்தையையே ஒரு வருசம் தொடாமல் இருங்கள்.

அதற்குப் பதிலாகக் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். சின்னப்பாலம், பாரதி நகர் பக்கம் தலைமுறையாக மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசி வகைகளை எடுக்கிறார்கள். பூங்கா வந்த பிறகு தீவுப் பக்கம் போனால் தகராறு. அந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இரும்புச் சுரண்டி கூடாது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இதை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சர்வதேசப் பரிசு அது.

இதிலிருந்து கேள்வி எடுப்பது எப்படி? 'பாசி எடுக்கும் பெண்களின் வாழ்வாதாரம்' என்பது தலைப்பு, கேள்வியாகாது. 'அரசு எழுதாத இந்த 12 நாள் கட்டுப்பாட்டை, கையில் காசில்லாத மாதத்தில் யார் மீறுகிறார்கள், மீறினால் ஊர் என்ன செய்கிறது?' இது கேள்வி. பதில் முன்கூட்டித் தெரியாது. தேடினால் கிடைக்கும். கிடைத்தால் வேறு கடற்கரைக்காரருக்கும் பயன்படும். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

பஸ் தம்பிக்கு இதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தேன். 'ஆவுளியாவை விட்டவருக்கு அறிவித்த வெகுமதி எத்தனை நாளில் கைக்கு வருகிறது, அந்தத் தாமதம் அடுத்த முறை அவர் முடிவை மாற்றுகிறதா?' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். எனக்கே தோன்றாத கேள்வி.

படி 2: கேட்பதற்கு முன்னால் உட்காருங்கள்

என் முதல் களப்பணி நாளைச் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. கையில் அட்டை, அட்டையில் படிவம், கழுத்தில் அடையாள அட்டை. பாசி மூட்டையை இறக்கிவிட்டு ஓர் அக்கா மணலில் உட்கார்ந்து விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே விரல் ஊறி வெளுத்து, பாறை கீறிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக. நான் நேராகப் போய், "தீவுக்குள்ள போய்த்தான் எடுக்கிறீங்களா?" என்றேன். அவர் துணியை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். "ஏம்மா, நீ ஃபாரஸ்ட்டா?" அவ்வளவுதான். அன்று அந்தக் கரையில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை.

அடுத்த பத்து நாள் படிவத்தை எடுக்கவே இல்லை. பாசி காயப்போடும் இடத்தில் உட்கார்ந்து கல்லும் சிப்பியும் பொறுக்கிப் போட்டேன். பதினொன்றாம் நாள் அந்த அக்காவே, "நீ என்னமோ கேக்க வந்தியே, கேளு" என்றார்.

எனவே பழகுவதற்கு ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். ஒரே இறங்குதளத்துக்குத் தினமும் ஒரே நேரத்துக்குப் போங்கள். சின்ன நோட்டில் பார்த்ததை வலப்பக்கமும், நீங்கள் நினைத்ததை இடப்பக்கமும் எழுதுங்கள். இரண்டும் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. வீடு திரும்பியதும் அன்றே விரித்து எழுதிவிடுங்கள். மறுநாள் என்றால் பாதி போய்விடும். இந்த நோட்டுதான் பின்னால் உங்கள் விண்ணப்பத்துக்கு உயிர்.

படி 3: தப்பு என்று தெரிந்ததை எப்படிக் கேட்பது?

"கடல் அட்டை எடுத்தீர்களா?" என்று நேரே கேட்டால் யாரும் ஆமாம் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் அவர்களுக்குத்தான் ஆபத்து. இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. இந்தத் துறையில் நிறையப் பயன்படுத்துகிறார்கள், கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு சுருக்குப் பையில், மாலை கோர்க்கும் மணிகள் ஆறு போடுங்கள்: ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு, நான்கு வெள்ளை. எதிரில் இருப்பவர் கைவிட்டு ஒன்றை எடுத்து, உங்களுக்குக் காட்டாமல் தான் மட்டும் பார்க்கவேண்டும். சிவப்பு வந்தால் உண்மை எதுவானாலும் "ஆமாம்". கறுப்பு வந்தால் "இல்லை". வெள்ளை வந்தால் மட்டும் உண்மையான பதில். மணியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிடவேண்டும். ஒருவர் "ஆமாம்" என்றால் அது மணி சொன்னதா அவர் சொன்னதா என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் அவருக்குப் பயமில்லை.

கணக்கு இப்படி. 120 பேரிடம் கேட்டு 36 பேர் "ஆமாம்" என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறில் ஒன்று சிவப்பு, அப்படியென்றால் சுமார் 20 பேர் மணிக்காகச் சொன்னவர்கள். மீதி 16. வெள்ளை எடுத்தவர்கள் சுமார் 80 பேர். 80-இல் 16, அதாவது 20 சதவீதம். யார் என்று தெரியாமலே எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. முப்பது பேரிடம் கேட்டு இந்தக் கணக்குப் போடாதீர்கள், பிழை பெரிதாகிவிடும்.

புத்தகங்களில் மணிக்குப் பதில் தாயக்கட்டை மாதிரி பகடை உருட்டச் சொல்வார்கள். நான் அதைத்தான் முதலில் எடுத்துப் போனேன். ஒரு பெரியவர், "சூதாட்டமெல்லாம் இங்க வேணாம்மா" என்று எழுந்து போய்விட்டார். மணிப் பை அன்று ராத்திரி தைத்தது.

படி 4: எங்கே படிப்பது

பக்கத்திலிருந்து தொடங்குவோம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறை நம் தொண்டியிலேயே இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் உண்டு. 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை தலைமையகமே இங்கேதான். இவை பெரும்பாலும் உயிரியல் பக்கம் என்றாலும் நூலகத்துக்காகவாவது போய் வாருங்கள்.

சமூக அறிவியல் வேண்டுமென்றால் சென்னை அடையாறில் மெட்ராஸ் வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி மெட்ராஸின் மானுடப் புலங்கள், சமூக அறிவியல் (ஹியுமானிட்டிஸ் அண்ட் சோஷியல் சயின்ஸஸ்) துறை. பெங்களூரில் ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆராய்ச்சி நிறுவனம்: உயிரியலும் சமூக அறிவியலும் கலந்த பிஎச்டி அங்கே உண்டு, இந்தத் துறைக்கு நேர்ப் பொருத்தம். டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் கடல் பசுத் திட்டத்துக்காக நம் கரைக்கே வந்து வேலை செய்கிறது. முதுகலைக்கு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் டிஸ்ஸும் (TISS, டாடா சமூக அறிவியல் நிறுவனம்). படிப்புக்கு முன் ஒரு வருசம் வேலை பார்த்துப் பழக நினைத்தால் தக்ஷின் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். சென்னையில் இருக்கும் ஐசிஎஸ்எஃப் (ICSF) என்ற மீன்தொழிலாளர் ஆதரவு அமைப்பு, அவர்களைப் பற்றிப் பெரிய ஆவணச் சேகரிப்பு வைத்திருக்கிறது.

வெளிநாட்டில் இதற்கென்றே பெயர் பெற்றவை: இங்கிலாந்தில் கென்ட் பல்கலைக்கழகத்தின் டைஸ் (DICE) என்ற பாதுகாப்பு ஆய்வு மையம், அமெரிக்காவில் கொலராடோ ஸ்டேட், கார்னெல். ஆம்ஸ்டர்டாமில் தமிழ்நாட்டு மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பல வருசம் ஆராய்ந்த மார்ட்டன் பாவிங்க் போன்றவர்கள் இருந்ததால், அங்கே நம் கரை புதிதல்ல.

படி 5: காசு

சொந்தக் காசு போட்டு, கடன் வாங்கி பிஎச்டி செய்யாதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. உள்நாட்டில் முதல் வழி யூஜிசி நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்குவது. 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. தேர்வு வருசத்துக்கு இரண்டு தடவை. ஐஐடிகளுக்கு கேட் (GATE) தேர்விலும் சமூக அறிவியல் தாள் வந்துவிட்டது. அமெரிக்காவில் பிஎச்டி இடம் கொடுத்தால் பெரும்பாலும் உதவியாளர் வேலையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இங்கிலாந்து முதுகலைக்கு காமன்வெல்த், செவனிங் உதவித்தொகைகள் உண்டு. செவனிங்குக்கு இரண்டு வருச வேலை அனுபவம் வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. பலருக்குத் தெரியாமலே தேதி போய்விடுகிறது.

படி 6: பேராசிரியருக்கு மெயில்

அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே எழுதுங்கள். நான் முதலில் அனுப்பிய மெயில் 'மதிப்பிற்குரிய ஐயா, சிறுவயது முதலே இயற்கைமீது ஆர்வம் கொண்ட நான்' என்று தொடங்கி இரண்டு பக்கம் ஓடியது. நாற்பது பேருக்கு அனுப்பி ஒரு பதில்கூட வரவில்லை. பிறகு அனுப்பியதன் சாரம் இது:

'நான் மண்டபத்துக்காரி. பாசி எடுக்கும் பெண்கள் தாங்களே வைத்துக்கொண்ட 12 நாள் கட்டுப்பாட்டைப் பற்றி மூன்று மாதம் களக்குறிப்பு எடுத்திருக்கிறேன். மீறல் நடக்கும்போது அபராதத்தைவிட உறவுமுறைதான் பேசுகிறது என்று படுகிறது. பொதுவளங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் சொல்லும் அபராத ஏற்பாடு இங்கே பொருந்தவில்லை. அடுத்த வருசம் மாணவர் எடுக்கிறீர்களா? இரண்டு பக்கக் குறிப்பு இணைத்திருக்கிறேன்.'

அவ்வளவுதான். ஏழு பேருக்கு அனுப்பினேன், மூன்று பேர் பதில் போட்டார்கள். அவர் எழுதியதை நிஜமாகவே படித்துவிட்டு எழுதுங்கள். பொய் இரண்டாவது மெயிலில் தெரிந்துவிடும்.

படி 7: அனுமதியும் காலமும்

ஊருக்குள் பேசுவதற்கு ஊர்த் தலைவரிடம், சங்கத்தில், ஜமாத்தில் முதலில் சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தனி. தீவில் கால் வைப்பதென்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி கட்டாயம். அது வர மாதக்கணக்கில் ஆகும், முதல் நாளே போட்டுவிடுங்கள். பேசியவரின் பெயர், படகு எண், கடல் அட்டை கிடைக்கும் இடம் எதுவும் நோட்டில் இருக்கக்கூடாது. நோட்டு தொலையும், யாராவது கேட்டும் வாங்குவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆட்கள் கரையில் வலை பொத்திக்கொண்டு இருப்பார்கள், சாவகாசமாகப் பேசுவார்கள். கையில் காசு வற்றிய காலமும் அதுதான், அதனால் டீக்கு நீங்கள்தான் கொடுக்கவேண்டும். ஜூன் 14 சாயங்காலம் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.