இந்த வீடியோ எந்த டைம்லைனில் பிறந்தது? எடிட்டிங் கோப்புகளுக்குப் பெயர் வைக்கும் முறை

திருமண வீடியோ ஒன்றைக் கொடுத்து ஐந்து மாதம் கழித்து மணமகளின் அப்பா அழைத்தார். தொடக்கத்தில் வரும் பெயர் அட்டையில், தாத்தாவின் பெயரில் ஒரு துணைக்கால் விடுபட்டிருக்கிறதாம். “தம்பி, அதை மட்டும் சரிசெய்து கொடுத்துவிடுங்கள், வேறொன்றும் இல்லை” என்றார்.

துணைக்கால் போட ஒரு நிமிடம் போதும். ஆனால் எந்த டைம்லைனில் (கிளிப்புகளை வெட்டி அடுக்கும் பட்டையில்) போடுவது? ஃபோல்டரைத் திறந்தால் ‘கல்யாணம் ஃபைனல்’, ‘கல்யாணம் ஃபைனல் 2’, ‘ஃபைனல் புதியது’, ‘இதுதான் கடைசி’ என நான்கு வீடியோக்கள். எடிட்டிங் மென்பொருளின் ப்ராஜெக்டுக்குள் ‘டைம்லைன் 1’ தொடங்கி ‘டைம்லைன் 1 நகல் நகல்’ வரை ஆறு டைம்லைன்கள். தேதியில் எது புதியதோ அதைத் திறந்து, எழுத்தைத் திருத்தி, அனுப்பிவிட்டேன். மறுநாள் மீண்டும் அழைப்பு. இந்த முறை ‘தம்பி’ இல்லை. நலங்கின்போது மாமா ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார். அந்தக் காட்சியை வெட்டச் சொல்லியிருந்தார்கள், நானும் வெட்டியிருந்தேன். அது திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. இடையில் ஒருநாள் ரீல்ஸ் ஒன்றுக்காகப் பழைய டைம்லைனைத் திறந்து ஏதோ தொட்டிருக்கிறேன். அதனால் தேதியில் அதுவே புதியதாகிவிட்டது.

அன்றிலிருந்து பெயர் வைக்கும்போது ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். வெளியே போன இந்தக் கோப்பு மட்டும் கையில் கிடைத்தால், அது பிறந்த டைம்லைனுக்கு என்னால் திரும்பிப் போக முடியுமா? கீழே உள்ள படிகள் எல்லாம் இதற்காகத்தான். புதிதாக எடிட்டிங் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். திருமணத்தை வைத்துச் சொன்னாலும் குறும்படம், சமையல் வீடியோ, பள்ளி ஆண்டு விழா எதற்கும் இது பொருந்தும்.

படி 1: ஒரு வேலைக்கு ஒரு ஃபோல்டர்

பெயரில் முதலில் தேதி, பிறகு ஊர், பிறகு நிகழ்ச்சி. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்.

2025-02-10_மதுரை_திருமணம்

நமக்கு நாளை முதலில் எழுதித்தான் பழக்கம். ஆனால் கணினி இடமிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடுக்குகிறது. 05-03-2025, 10-02-2025, 12-01-2024 என்று எழுதினால் இதே வரிசையில் நிற்கும். 2024 ஜனவரியில் நடந்த திருமணம் கடைசிக்குப் போய்விடும். ஆண்டை முன்னால் வைத்தால், பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்று இரண்டு நாள் நடந்தாலும், நான் முகூர்த்த நாளை மட்டுமே எழுதுவேன். குடும்பத்தாரும் அந்தத் தேதியைச் சொல்லித்தானே கேட்பார்கள்?

ஒரே முகூர்த்த நாளில் ஒரே ஊரில் இரண்டு திருமணங்கள் வந்தால் மண்டபத்தின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே பெயர்களைப் படிக்க வசதியாகத் தமிழில் காட்டுகிறேன். என் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறேன். விண்டோஸும் மேக்கும் தமிழ்ப் பெயர்களை நன்றாகவே ஏற்கின்றன. ஆனால் பென்டிரைவைச் செருகினால் சில டிவிகள் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டங்களைக் காட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. லினக்ஸில் ஓடும் சேமிப்புப் பெட்டிகளில் ஒரு பெயருக்குப் பொதுவாக 255 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘கு’ என்று எழுதினாலே ‘க’வுக்கு மூன்று, உகரக் குறிக்கு மூன்று என ஆறு பைட் போய்விடும்.

படி 2: உள்ளே ஐந்து அறைகள்

01_ஃபுட்டேஜ்
02_ஒலி
03_படம்_எழுத்து
04_ப்ராஜெக்ட்
05_வெளியீடு

இவ்வளவுதான். இருபது ஃபோல்டர் போட்டு அழகாக அடுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வாரமே எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். இந்த ஐந்தையும் வெறுமையாக ஒருமுறை உருவாக்கி, ‘0000_மாதிரி’ என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிய வேலை வந்தால் அதை நகலெடுத்துப் பெயரை மாற்றினால் போதும். ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு என்றால், பூஜ்யம் இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் 1, 10, 2 என்று அடுக்கிவிடும்.

ஃபுட்டேஜ் (கேமராவில் எடுத்த மூல வீடியோ) ஃபோல்டரில் சற்று நின்று வேலை செய்ய வேண்டும். உள்ளே கேமராவுக்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என்று பிரியுங்கள்: ‘கேமரா1_கார்டு1’, ‘கேமரா1_கார்டு2’, ‘கேமரா2_கார்டு1’, ‘டிரோன்_கார்டு1’. மெமரி கார்டில் இருப்பதை அப்படியே, அதன் உள் ஃபோல்டர்களோடு சேர்த்து நகலெடுங்கள். வீடியோவை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். சோனி போன்ற கேமராக்கள் ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு சிறிய தகவல் கோப்பைப் பக்கத்திலேயே எழுதி வைக்கின்றன.

கேமரா வைத்த பெயரை மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் மாற்றுவதில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்கள் ஒரே எண்ணில் இரண்டு கிளிப்புகளைத் தரும், 9999 வந்தால் எண் மறுபடி 0001-இலிருந்து தொடங்கும், எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கார்டு ஃபோல்டரே போதும். எடிட்டிங் தொடங்கிய பிறகு கிளிப்பின் பெயரை வெளியிலிருந்து மாற்றினால் டைம்லைன் சிவந்து ‘மீடியா ஆஃப்லைன்’ என்று கத்தும்.

கோப்ரோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நீளமான பதிவை அது தானே பல துண்டுகளாக வெட்டிவிடும். முதல் துண்டு ஜிஎக்ஸ்010034, அடுத்தது ஜிஎக்ஸ்020034. முன்னால் உள்ள 01, 02 துண்டின் வரிசை. பின்னால் உள்ள 0034தான் பதிவின் எண். பெயர் வரிசையில் அடுக்கினால் எல்லாப் பதிவுகளின் முதல் துண்டுகளும் ஒன்றாக நின்று, இரண்டாம் துண்டுகள் கீழே போய்விடும். தாலி கட்டும்போது கேமரா ஓடவே இல்லை என்று நினைத்து ஒருமுறை வியர்த்துப்போனேன். இரண்டாம் துண்டு நாற்பது கிளிப் தள்ளி இருந்தது.

படி 3: டைம்லைனுக்குப் பெயர்

இதுதான் பலரும் தவறவிடும் இடம். ‘டைம்லைன் 1’ என்று மென்பொருள் கொடுத்த பெயரை ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள். என்ன வீடியோ, எத்தனையாவது பதிப்பு (‘வி’ என்றால் வெர்ஷன்), இரண்டையும் எழுதுங்கள்:

முழுநீளம்_வி01
ஹைலைட்ஸ்_வி01
ரீல்_ஊர்வலம்_வி01

எண் எப்போது ஏற வேண்டும்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்றினால் ஒரு வாரத்தில் வி37 வந்து நிற்கும். அதில் எது யாரிடம் போனது என்று யாருக்கும் தெரியாது. என் கணக்கில், வீடியோ வீட்டு வாசலைத் தாண்டும்போதுதான் எண் மாறும். வி01-ஐ அனுப்பியாகிவிட்டதா? அந்த டைம்லைனை அதற்குப் பிறகு தொடக் கூடாது. நகலெடுத்து, வி02 என்று பெயரிட்டு, திருத்தங்களை அதில் செய்யுங்கள். ஒரே ஒரு துணைக்கால் என்றாலும் சரி.

மென்பொருளுக்கு ஏற்ப ஒரு வேறுபாடு உண்டு. பிரீமியர் ப்ரோவில் ப்ராஜெக்ட் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு கோப்பு. அதை 04_ப்ராஜெக்டில் சேமித்தால் முடிந்தது. டாவின்சி ரிசால்வில் ப்ராஜெக்ட் மென்பொருளின் சொந்தக் களஞ்சியத்துக்குள் இருக்கும். வேலை ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்தாலும் ப்ராஜெக்ட் கூடப் போகாது. எனவே ஒவ்வொரு நாள் மாலையும் ப்ராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து, கிடைக்கும் டிஆர்பி கோப்பைத் தேதியோடு 04-இல் போட்டுவிடுங்கள். கணினி படுத்துக்கொண்ட பிறகு இதைக் கற்றுக்கொள்வது மிகவும் வேதனையானது.

படி 4: வெளியே போகும் கோப்பு

வேலையின் பெயர், டைம்லைனின் பெயர், வடிவம். இந்த மூன்றையும் ஒட்டினால் எக்ஸ்போர்ட் பெயர் தயார்.

2025-02-10_மதுரை_திருமணம்_ஹைலைட்ஸ்_வி03_16-9_4கே
2025-02-10_மதுரை_திருமணம்_ரீல்_ஊர்வலம்_வி01_9-16

நடுவில் இருப்பது டைம்லைனின் பெயரேதான், ஓர் எழுத்தும் மாறவில்லை. பிரீமியரில் டைம்லைனை சீக்வென்ஸ் என்பார்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது அதன் பெயர் தானாகவே வந்து நிற்கும். முன்னாலும் பின்னாலும் சேர்த்தால் போதும். ரிசால்வின் டெலிவர் பக்கத்தில், பெயர் எழுதும் இடத்தில் சதவீதக் குறியைத் தட்டினால் டைம்லைன் பெயர் முதலிய குறிச்சொற்களின் பட்டியல் விரியும். கையால் எழுதுவதைவிட அது நல்லது, ஏனென்றால் இரவு இரண்டு மணிக்குக் கை வி03-க்குப் பதில் வி02 என்றுதான் தட்டும்.

16:9 என்ற அகல உயர விகிதத்தை 16-9 என்று ஏன் நடுவில் கோடு போட்டு எழுதுகிறேன்? முக்காற்புள்ளியை விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிக்காது. கேள்விக்குறி, சாய்கோடு, நட்சத்திரக் குறி, இரட்டை மேற்கோள் குறி ஆகியவற்றுக்கும் இடமில்லை. இடைவெளிக்குப் பதிலாக அடிக்கோடு போடுவது பழக்கம்தான், கட்டாயம் இல்லை. பெயரை மிக நீட்டவும் வேண்டாம். விண்டோஸில் பல மென்பொருள்கள் ஃபோல்டர்களையும் சேர்த்து மொத்தப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் தடுமாறும்.

யூடியூபில் ஏற்றினால் கோப்பின் பெயரே தலைப்பாக வந்து நிற்கும். மாற்ற மறக்காதீர்கள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்த பெயரை வாட்ஸ்அப் ஒரே நொடியில் அழித்துவிடும். வீடியோவாக அனுப்பினால் சுருக்கிவிடுவதோடு, ஆண்ட்ராய்டு போனில் அதை இறக்கியவரிடம் தேதியும் வாட்ஸ்அப் தரும் வரிசை எண்ணும் கொண்ட வேறொரு பெயர்தான் இருக்கும். “நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது நிமிடத்தில் அத்தையைக் காணோம்” என்று அழைப்பு வரும். எந்தப் பதிப்பின் மூன்றாவது நிமிடம்? டாக்குமென்டாக அனுப்பினால் பெயரும் தரமும் தப்பும். 2 ஜிபி வரை போகும். ஆனால் அவர்கள் அதைப் பெரியப்பாவுக்கும் சித்திக்கும் எப்படி அனுப்புவார்கள் என்பது நம் கையில் இல்லை.

அதனால் பார்வைக்கு அனுப்பும் பதிப்பில் ‘வி02’ என்று படத்தின் மேல் மூலையிலேயே சிறிதாக எழுதிவிடுகிறேன். டைம்லைனில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தனி டிராக் (அடுக்கு), அதில் அந்தப் பதிப்பு எண் மட்டும். கோப்பின் பெயர் என்ன ஆனாலும், “மூலையில் என்ன எண் தெரிகிறது, சார்?” என்று கேட்டால் போதும். கடைசியாக ஒப்படைக்கும்போது அந்த டிராக்கை அணைத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அணைக்க மறந்து ஒருமுறை மண்டபத்தின் பெரிய திரையில் வி04 என்று ஓடியது. யாரும் கேட்கவில்லை, அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள்.

படி 5: ஒரு குறிப்புக் கோப்பு

05_வெளியீடு ஃபோல்டரில் நோட்பேடில் ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் ஒரே வரி:

03-15 முழுநீளம் வி02, அப்பாவுக்கு, பென்டிரைவ். நலங்கில் மாமா காட்சி நீக்கம்.

மாற்றத்தின் காரணத்தை எழுதுவது முக்கியம். ஆறு மாதம் கழித்து அந்த இடத்தில் ஏன் வெட்டினோம் என்று டைம்லைன் சொல்லாது, இந்த வரி சொல்லும்.

படி 6: வேலை முடிந்த பிறகு

50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) தரத்தில் எடுத்த ஃபுட்டேஜ் மணிக்கு ஏறக்குறைய 22.5 ஜிபி பிடிக்கும். இரண்டு கேமரா, ஆறு மணி நேரம் என்றால் 270 ஜிபி. இடம் போதவில்லை என்றதும் கை முதலில் ஃபுட்டேஜை அழிக்கத்தான் போகும். அதற்கு முன் கேஷ், பிராக்ஸி, ரெண்டர் கோப்புகளை (எடிட்டிங் வேகமாக ஓட மென்பொருள் உருவாக்கும் துணைக் கோப்புகளை) அழியுங்கள். இவற்றை மென்பொருள் மறுபடி உருவாக்கிக்கொள்ளும். பார்வைக்கு அனுப்பிய பழைய வீடியோக்களையும் அழிக்கலாம். அவற்றின் டைம்லைன்கள்தான் பத்திரமாக இருக்கின்றனவே. டைம்லைன்களை மட்டும் அழிக்காதீர்கள், அவை பிடிக்கும் இடம் மிகக் குறைவு.

வெளி ஹார்ட் டிஸ்க்கில் வேலை செய்பவர்கள் அதற்கு ஒரு நிலையான டிரைவ் எழுத்தைக் கொடுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் மாற்றலாம். நேற்று ‘இ’ டிரைவாக இருந்தது இன்று ‘எஃப்’ ஆனால், கிளிப் ஒன்றும் தொலையாமலே எல்லாம் தொலைந்ததுபோல் சில மென்பொருள்கள் காட்டும்.

டிஸ்க்குகளுக்கும் ‘டிஸ்க்_07’ என்று எண் கொடுத்து, எந்த வேலை எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று ஒரு பட்டியலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். எண் எழுதிய ஸ்டிக்கரை டிஸ்க்கின் மேலேயே ஒட்டுங்கள். உறையின் மேல் வேண்டாம், உறைகள் மாறிப்போகும்.