காதல் கதைத் தொகுப்பை இப்படி வாசிக்காதீர்கள்

போன மாதம் எங்கள் வாசிப்பு அலுமாரியில் இருந்து ஒரு பிள்ளை காதல் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறவள், கையில் நேரம் நிறைய. சனிக்கிழமை காலை எடுத்ததை ஞாயிறு பின்னேரமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "எல்லாம் ஒரே மாதிரிதான் டீச்சர். பார்க்கிறாங்க, பிடிக்குது, பிரியிறாங்க. ரெண்டு மூணு கதைக்கு முடிவே இல்ல" என்றாள். 21 கதை, ஒன்றரை நாள்.

எனக்குச் சுருக்கென்றது. வார்த்தை மாறாமல் இதையே நானும் 20 வருசத்துக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு நிற்காமல் ஒரு நல்ல புத்தகத்தையும் இழந்திருக்கிறேன். ஹட்டன் பக்கம் நாங்கள் நடத்துகிற இந்த அலுமாரிக்கு வருகிற புதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அதே பள்ளத்தில் விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன். பக்கத்தை மடிக்காதே, பிடிக்காத கதையைத் தாண்டிப் போ போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

காதல் சிறுகதைத் தொகுப்பு எங்கள் பக்கத்து வாழ்க்கைக்கு மிகவும் பொருந்துகிற புத்தகம். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பாடம் படிக்க உட்கார வைத்த பிறகு ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று கிடைப்பது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் நாவலை எடுத்தால் போன கிழமை எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். எட்டுப் பக்கக் கதை பருப்பு வேகிற நேரத்தில் முடியும், ஆனால் சோறு வடிக்கும்போதும் பாய் விரிக்கும்போதும் அந்தக் கதையில் வந்தவர்கள் மனசை விட்டுப் போகமாட்டார்கள். ஒரே அட்டைக்குள் 20 பேர் 20 விதமாக நேசத்தைப் பற்றி யோசித்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட புத்தகம் வீணாவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரே மூச்சில் முடிப்பது

2003இல் ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போனபோது வெள்ளவத்தையில் ஒரு தொகுப்பு வாங்கினேன். நம் நாட்டு எழுத்தாளர்களின் 22 காதல் கதைகள். திரும்பி வரும்போது உடரட்ட மெனிகே ரயிலில் சன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கோட்டை ஸ்டேசனில் கோச்சி கிளம்பியதும் புத்தகத்தைத் திறந்தேன். நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறத் தொடங்கும்போது 13ஆவது கதை, வட்டவளையில் 19, ஹட்டனில் இறங்கும்போது கடைசிப் பக்கமும் முடிந்திருந்தது. ஐந்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. மூடிவிட்டு யோசித்துப் பார்த்தால் எந்தப் பெண் எந்தக் கதையில் வந்தாள் என்று பிரிக்க முடியவில்லை. மூன்று கதையில் மழை பெய்தது, நாலு கதையில் பஸ் தரிப்பிடம் வந்தது, அவ்வளவுதான் ஞாபகம். முதல் பக்கத்தில் பென்சிலால் "சுமார்" என்று எழுதி வைத்தேன். 2011இல் வீடு மாறும்போது அதையும் அதைப் போலவே நான் அவசரமாக வாசித்து "சுமார்" போட்டிருந்த இன்னும் பத்துப் பன்னிரண்டு தொகுப்புகளையும் ஒரு பெட்டியில் கட்டிப் பழைய பேப்பர் எடுக்க வந்தவரிடம் கொடுத்துவிட்டேன். கிலோ கணக்கில்.

ஆறேழு வருசம் கழித்து எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு பெரியம்மா வந்தார். 30 வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். பிடித்த கதை ஒன்றைச் சொல்லுங்கள் என்றதும் மகள் எப்போதோ வாசித்துக் காட்டிய ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினார். தோட்டத்தில் ஒரு பெண். கொழும்பில் கடையில் நிற்கிற பையனிடம் இருந்து அவளுக்குக் கடிதம் வரவேண்டும். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, தனி விலாசம் கிடையாது, எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும் (கதையில் மட்டும் இல்லை, எத்தனையோ தோட்டங்களில் நடப்பே இதுதான்). தினமும் கொழுந்து நிறுத்துவிட்டு ஆபீஸ் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிறாள். வாய்விட்டுக் கேட்க வெட்கம். கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு நாள் மேசைமேல் இருக்கிற கடிதக் கட்டில் தன் பெயர் எழுதிய உறை தெரிகிறது. கையை நீட்டாமல் அப்படியே வீட்டுக்குப் போகிறாள், நனைந்த கம்பளியை உதறி இஸ்தோப்பில் காயப்போடுகிறாள். கதை அங்கே நின்றுவிடுகிறது.

"அவ ஏன் எடுக்கல பெரியம்மா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"வந்துருச்சுன்னு தெரிஞ்சிருச்சுல்ல தம்பி. பிரிச்சா உள்ள என்ன எழுதியிருக்குமோ. இன்னைக்கு ஒரு ராத்திரி நிம்மதியா தூங்கட்டுமே" என்றார்.

அது என்னுடைய அந்த 22 கதையில் ஒன்று. வட்டவளைக்கும் ரொசெல்லவுக்கும் இடையில் நாலு நிமிடத்தில் வாசித்து, முடிவில்லாத கதை என்று பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போன கதை. அதற்கு முந்திய கதை நிச்சயதார்த்தத்தில் முடிந்திருந்தது, அடுத்தது ஒரு கல்லூரி வாசலில் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் கம்பளியை உதறியது எனக்குக் கேட்கவே இல்லை.

இதில் நடப்பது என்னவென்றால், காதல் கதைக்கான சங்கதி கொஞ்சம்தான்: சந்திப்பு, காத்திருப்பு, ஊடல், பிரிவு, சேர்தல். 22 பேர் எழுதினாலும் இந்த ஐந்தாறுக்குள்தான் சுற்றவேண்டும். வித்தியாசம் முழுக்க நுணுக்கத்தில் இருக்கிறது. விடாமல் வாசித்தால் பொதுவாக இருப்பது மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டு நுணுக்கம் எல்லாம் கரைந்துவிடும். சிறுகதை தன் பாதியைச் சொல்லாமல்தான் விட்டிருக்கும், அந்தப் பாதி வாசகரின் மனசில் நடக்க ஒரு இரவாவது வேண்டும். அடுத்த கதையை உடனே தொடங்கினால் அந்த இரவை நாமே பறித்துவிடுகிறோம்.

அந்தப் புத்தகத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கொழும்பிலும் கண்டியிலும் கடை கடையாகக் கேட்டாயிற்று. 2005இல் இருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவருகிற 'நூலகம்' தளத்திலும் தேடினேன், கிடைக்கவில்லை. நம் நாட்டில் தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் 300, 500 பிரதிதான் அடிக்கிறார்கள், போனால் போனதுதான். பெரியம்மா சொன்னதை அந்தப் பையன் ஒரு சீ.ஆர். கொப்பியில் ஆறு பக்கத்துக்கு எழுதிவைத்தான், இப்போது அலுமாரியில் இருப்பது அந்தக் கொப்பி.

ஆகவே ஒரு நாளைக்கு ஒரு கதை. விடுமுறை என்றால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வாசித்த மறுநாள் அந்தக் கதையை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சொல்ல வரவில்லை என்றால் அதையே திரும்ப வாசியுங்கள். பரீட்சை முடித்த அந்தப் பிள்ளையிடமும் இப்படிச் சொல்லித்தான் அதே தொகுப்பைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறாவது கதையில் இருக்கிறாள்.

நினைத்த இடத்தில் திறப்பது

தொகுப்புதானே, எங்கே திறந்தால் என்ன என்பார்கள். இரண்டாம் தடவை அப்படிச் செய்யலாம். முதல் தடவை தொகுத்தவர் வைத்த வரிசையில் போங்கள், ஏனென்றால் நல்ல தொகுப்பாளர் வரிசையிலும் ஒன்றைச் சொல்லியிருப்பார்.

தமிழில் இது பழைய வித்தை. அகநானூறு 400 பாட்டும் அகப்பாட்டு, அதாவது காதல் பாட்டு, தொகுத்தவர் உருத்திரசன்மர். அதில் ஒற்றைப்படை எண் வருகிற பாட்டெல்லாம் பாலை, அதாவது பிரிவு. 2, 8 என்று முடிகிற எண்கள் குறிஞ்சி (கூடல்), 4 முல்லை (காத்திருப்பு), 6 மருதம் (ஊடல்), 10, 20 என்று வருபவை நெய்தல் (இரங்கல்). இதை வரிசையாக வாசித்தால் இரண்டு குறிஞ்சிப் பாட்டு ஒருபோதும் பக்கத்தில் பக்கத்தில் வராது. கூடிக் களிக்கிற பாட்டோ காத்திருக்கிற பாட்டோ எதுவானாலும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு பிரிவு நிற்கும். சந்திப்புக்குப் பின் சந்திப்பு என்று அடுக்கினால் திகட்டும் என்பதைத் தொகுத்தவர் அறிந்துதான் வைத்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

இன்றைய தொகுப்புகளில் எல்லாரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை என்பது உண்மை. பலமான கதையை முதலிலும் கடைசியிலும் வைத்துவிட்டு நடுவில் மெலிந்தவற்றைத் தள்ளிவிடுவார்கள், அது எனக்கும் எரிச்சல்தான். 20 கதையில் ஐந்து கதை மனசில் தங்கினால் அது நல்ல தொகுப்பு. அந்த ஐந்தில் ஒன்று 11ஆவது இடத்தில் ஒளிந்திருக்கும், ஆகவே நடுவில் கைவிடாதீர்கள்.

பின்னட்டையை நம்புவது

நம்பாதீர்கள். உள்ளடக்கப் பக்கத்தைப் பாருங்கள்.

அட்டையில் உள்ள பெயருக்காக வாங்குவது

இந்தியப் புத்தகம் என்றால் அதில் போட்டிருக்கிற விலையை நாலால் ஐந்தால் பெருக்கித்தான் இங்கே கடையில் சொல்கிறார்கள். அந்தக் காசைக் கொடுத்து, அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கிற ஒருவருக்காகத் தொகுப்பை வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தால் அவருடைய கதை ஆறே பக்கம், அதுவும் ஏற்கெனவே அவருடைய சொந்தத் தொகுப்பில் நாம் வாசித்தது. எனக்கு இது மூன்று தடவை நடந்தது. கதை முதலில் எங்கே, எந்த வருசம் வந்தது என்று போடாத தொகுப்பாளர்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. வாங்குவதற்கு முன் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள், இல்லை என்றால் தெரியாத பெயர்களின் கதை இரண்டில் முதல் பத்தியை நின்றபடியே வாசியுங்கள். தெரியாத பெயர்களுக்காகத்தான் தொகுப்பே வாங்கவேண்டும். குறுந்தொகையின் 40ஆவது பாட்டு தமிழில் எல்லாருக்கும் தெரிந்த காதல் பாட்டு, எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. பாட்டில் வருகிற உவமையை வைத்துச் செம்புலப்பெயனீரார் என்று கூப்பிடுகிறோம்.

கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பது

நாவலில் மன்னிக்கலாம். சிறுகதையில் கூடாது.

கல்யாணத்தைத் தேடுவது

சேர்ந்தார்களா இல்லையா என்ற கேள்வியோடு மட்டும் வாசிக்கிறவர்களுக்கு பாதிக் கதை கையை விட்டுப் போய்விடும். சேர்வது நாவலுக்கு நல்ல முடிவு, 300 பக்கம் கூட நடந்திருக்கிறோம், நமக்கும் ஒரு ஆறுதல் வேண்டும். எட்டுப் பக்கத்தில் எழுதுகிறவர் ஒரு மனசு திரும்புகிற இடத்தை மட்டும்தான் பிடிக்கிறார். அவள் எந்த வரியில் திரும்பினாள் என்று கேளுங்கள், அது போதும்.

'காதல்' என்று அட்டையில் இருந்தால்தான் காதல் கதை என்று நினைப்பது

எங்கள் பிள்ளைகள் காதல் கதை என்று கேட்டால் சென்னையில் நடக்கிற கதையைத்தான் தேடுகிறார்கள். மலையகச் சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்தால், இது சம்பளப் பிரச்சினை, சங்கப் பிரச்சினை டீச்சர் என்று திருப்பித் தருகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால்தானே தெரியும். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, தோட்டத்துத் தமிழ் ஆட்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எண்ணிக்கையில் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்த இரண்டு பேரில் ஒருத்தர் குடும்பம் அங்கே எழுதிக்கொடுத்திருக்கும், மற்றவர் குடும்பம் இங்கே. ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் இராமேஸ்வரம் போனவர்களில் எத்தனை பேர் யாரையோ விட்டுவிட்டுப் போனார்கள்! அந்தக் கதைகளை நம் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அரசியல் கதை என்று பேராகிவிட்டது. நாங்கள் இருப்பது மலை, இலக்கணப்படி குறிஞ்சி, ஆனால் எங்கள் தாத்தா பாட்டி காலத்துக் காதல் நிறையப் பாலையில் முடிந்திருக்கிறது. இதை விட்டுவிட்டு ஒரு பிள்ளை காதல் கதையே வாசித்து முடித்துவிட்டேன் என்று சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இரவல்

பெயரையும் திகதியையும் கொப்பியில் எழுதிவிட்டுக் கொடுங்கள்.