ஆய்வுச் சுவரொட்டி அமர்வு: இசையாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் பல பள்ளிகளில் இசைக்கென ஒரே ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார். கோத்தகிரியில் ஒருவர் தம் வகுப்பில் கண்டறிந்தது கூடலூரில் அதே சிக்கலோடு போராடும் இன்னொருவருக்குத் தெரியவர வழி குறைவு. இந்த இடைவெளியைக் குறைக்கக்கூடியது ஆய்வுச் சுவரொட்டி அமர்வு: ஒவ்வோர் ஆசிரியரும் தம் சிறு ஆய்வை ஒரு பெரிய தாளில் எழுதி மாட்டி, அதன் அருகிலேயே நின்று, வருகிறவர்களோடு பேசுவது.

மேடையில் இடம் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசாக இதைக் கருதுவதே முதல் தவறு. சென்னை மியூசிக் அகாதெமியின் டிசம்பர் மாதக் காலைநேர விளக்கவுரைகளைப் போல ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் முறைக்கே நம் இசையுலகம் பழகியிருப்பதால் இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் மேடைப் பேச்சு முடிந்தபின் நேரம் மிஞ்சினால்தான் கேள்விகள் வரும். இங்கே கேள்விகளுக்காகவே நேரம் ஒதுக்கப்படுகிறது. ஆகவே பாதியில் நிற்கும் ஆய்வையும் தயங்காமல் கொண்டுவரலாம். முடிந்துபோன ஆய்வைவிட அதற்கே இந்த அமர்வு அதிகம் உதவும்.

அடுத்த தவறு, தாங்க முடியாத அளவுக்குப் பெரிய கேள்வியை எடுத்துக்கொள்வது. 'இசை பிள்ளைகளின் அறிவை வளர்க்கிறது' என்ற தலைப்பின் கீழ் ஐரோப்பிய இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் படம் இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1993ஆம் ஆண்டு ஆய்வு 36 கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டது. பத்து நிமிடம் அவருடைய இசையைக் கேட்டபின் இடம்சார்ந்த சிந்தனைத் திறனில் (வடிவங்களை மனக்கண்ணில் கையாளும் திறனில்) கால் மணி நேரம்கூட நீடிக்காத ஒரு சிறு முன்னேற்றத்தையே அது பதிவுசெய்தது. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. மாறாக, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை எந்தச் சுருதியில் தொடங்கினால் மேல் ஸட்ஜத்தை (மேல் 'ஸ'வை) சிரமமின்றித் தொடுகிறார்கள் என்பது ஒரே பருவத்தில் விடை காணக்கூடிய கேள்வி. ஆண் ஆசிரியர் ஒரு கட்டையிலும் பெண் ஆசிரியர் அதைவிட உயர்ந்த சுருதியான ஐந்து கட்டையிலும் பாடிப் பழகியிருக்க, அவரவர் சுருதியே வகுப்பின் சுருதியாகிவிடுவதை நாம் கவனிப்பதேயில்லை. குன்னூர்க் குளிரில் காலை முதல் பாடவேளையில் பாடுவதற்கும் மதியம் பாடுவதற்கும் வேறுபாடு உண்டா என்றும் அதே ஆய்வில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பருவம் பயிற்சி கொடுத்துவிட்டு, 'என் முறையால் பிள்ளைகள் முன்னேறினார்கள்' என்று முடிவு எழுதுவதும் தவறே. எந்த முறையில் கற்பித்தாலும் மூன்று மாதத்தில் பிள்ளைகள் ஓரளவு முன்னேறத்தான் செய்வார்கள். பழைய முறையிலேயே தொடர்ந்த இன்னொரு பிரிவோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். இயலவில்லையெனில் அதைச் சுவரொட்டியிலேயே வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

தோற்றத்தில் நிகழும் தவறுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 841 மி.மீ. அகலமும் 1189 மி.மீ. உயரமும் கொண்ட ஏ0 தாளில் முழுக் கட்டுரையையும் ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். கண்டறிந்ததை ஒரே வாக்கியமாக, ஐந்தடி தூரத்திலிருந்து படிக்கும்படி மேலே எழுதினால் போதும். ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் விட்டுவிட்டால் தாளாளர், செயலர், தலைமையாசிரியர் படங்கள் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆய்வு அடியில் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும்.

இசை ஆய்வுக்கே உரிய பெருந்தவறு, ஒலியில்லாத சுவரொட்டி. எத்தனை வரி ஸ்வரம் எழுதினாலும், 'முன்பு இப்படிப் பாடினார்கள், இப்போது இப்படி' என்று இருபது வினாடி கேட்கவைப்பதற்கு ஈடாகாது. கியூஆர் குறியீட்டை மட்டும் நம்பக் கூடாது. மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஒலிப்பதிவை அலைபேசியிலேயே சேமித்து, காதில் மாட்டும் ஹெட்ஃபோனோடு வைத்துக்கொள்வது நல்லது; அரங்கின் இரைச்சலில் ஒலிபெருக்கி அடுத்தவருக்கும் தொல்லை. பிள்ளைகளின் குரலைப் பதிவுசெய்யவும் பிறருக்குக் கேட்கவைக்கவும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவு முன்கூட்டியே வேண்டும்.

நீலகிரியின் தொல்குடி இசையை ஆய்வுக்கு எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோத்தர்களின் குழலும் கொம்பும் பறையும் சேர்ந்த இசையில் தெய்வ வழிபாட்டுக்குரியவையும் சாவுச் சடங்குக்குரியவையும் தனித்தனியானவை. ஒரு காலத்தில் படுகர், தோடர் வீட்டுச் சாவுகளிலும் அவர்களே வாசித்தார்கள். இந்த வேறுபாட்டை அறியாமல் 'மலை நாட்டுப்புற இசை' என்ற பொதுப்பெயரில் ஏதோ ஒரு மெட்டை அரங்கில் ஒலிக்கவிட்டால், அது சாவு வீட்டு மெட்டாகவும் இருந்துவிடக்கூடும். எதை வெளியில் ஒலிக்கவைக்கலாம், எதைக் கூடாது என்பதை அந்த ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டு, சொல்லித்தந்தவர்கள் விரும்பினால் அவர்கள் பெயரையும் சுவரொட்டியில் சேர்க்க வேண்டும்.

பார்க்க வருகிறவர்களும் தவறு செய்கிறார்கள். அலைபேசியில் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது அவற்றில் முதன்மையானது; அந்தப் படங்களைப் பிறகு யாரும் திறப்பதில்லை. 'எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை?', 'நாற்பது பேர் உள்ள என் வகுப்பில் இதை எப்படிச் செய்வது?' என்று இரண்டு கேள்விகளாவது கேட்கலாம். சுவரொட்டியருகே நிற்கும் ஆசிரியர் அந்தக் கேள்விகளை, கேட்டவரின் பள்ளிப் பெயரோடு அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே கேள்வியைப் பலரும் கேட்டால், ஆய்வின் அந்தப் பகுதியைத்தான் அடுத்த பருவத்தில் திருத்திச் செய்ய வேண்டியிருக்கும். அதைச் சேர்ந்து செய்யக்கூடியவர்களின் பெயர்ப்பட்டியலும் அந்தக் குறிப்பேட்டிலேயே இருக்கும்.