காதில் ஓயாத இரைச்சல்: இரவைக் கடக்கும் வழி

ஊரடங்கி விளக்கணைத்துத் தலையணையில் தலை சாய்த்ததும் காதுக்குள் சில்வண்டு கத்துவது போலவோ நீராவி சீறுவது போலவோ ஓர் ஓசை எழுந்து, விடியும்வரை ஓயாமல் வாட்டுவதைக் காதிரைச்சல் என்கிறோம். மருத்துவர்கள் இதை டின்னிடஸ் என்பர். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்காததால் பிரமை என்று தள்ளிவிடுகிறார்கள். அது பிரமை இல்லை என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.

உட்செவியில் நத்தை ஓடு போன்ற சுருளுக்குள் ஒலியை உணரும் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. வயதாலும் விசைத்தறிக் கூடம் போன்ற இடங்களின் பேரொலியாலும் அழிந்த செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. அங்கிருந்து வரும் சமிக்ஞை குறையும்போது, எட்டாத நிலையத்தைப் பிடிக்க வானொலியின் ஒலியைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்து கூடுவதைப் போல, மூளை தன் கேட்கும் கூர்மையை உயர்த்துகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள், செவித்திறன் குறையாத 80 பேரை ஒலிபுகா அறையில் உட்காரவைத்தபோது, சில நிமிடங்களுக்குள்ளேயே 94 சதவீதத்தினர் ஏதோவொரு ஓசை கேட்பதாகக் கூறினர். முழு நிசப்தம் ஏறக்குறைய எவர் காதிலும் ஓசையை எழுப்பும் என்ற இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டால் பின்னர் சொல்லப்போகும் வழி எளிதாகப் புரியும்.

அதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். குறும்பி அடைத்திருப்பதுகூடக் காரணமாக இருக்கலாம். அப்படியானால் எடுத்ததும் தீர்ந்துவிடும். கேட்கும் திறன் திடீரெனக் குறைந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, ஏனெனில் ஸ்டீராய்டு சிகிச்சை தொடக்க நாட்களில்தான் நன்கு பலன் தரும். இரைச்சல் ஒரு காதில் மட்டும் இருந்தாலும், நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தாலும், தலைச்சுற்றலோடு வந்தாலும் கூடுதல் பரிசோதனைகள் தேவைப்படும். அதிக அளவு ஆஸ்பிரின், நுண்ணுயிர்க்கொல்லியான ஜென்டாமைசின் ஊசி, புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. ஆயினும் எந்த மருந்தையும் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் வழக்கத்தைக் கைவிடுமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது பெருங்கேடாக முடியும். கேட்டல் பரிசோதனையில் குறை தெரிந்தால், காது கேட்கும் கருவி பேச்சைத் தெளிவாக்குவதோடு பலருக்கு இரைச்சலையும் பின்னுக்குத் தள்ளுகிறது.

இனி இரவுக்கு வருவோம். அறையை நிசப்தமாக விடாதீர்கள். மின்விசிறியின் சீரான ஓசையோ, கைப்பேசியிலிருந்து சன்னமாக ஒலிக்கும் மழைச் சத்தமோ போதும். இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை, இரைச்சலை முழுவதும் மூழ்கடிக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டிவிடுவது. மறைந்துபோன ஓசைக்கு மூளை பழகுவதில்லை. ஆகவே உள்ளோசையும் வெளியோசையும் ஒன்றோடொன்று கலந்து கேட்கும் அளவில், அதாவது இரைச்சலைவிடச் சற்றுத் தாழ்வாகவே வையுங்கள். காதில் இயர்போன் மாட்டாமல், ஒலியைத் தலைமாட்டிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. அரை மணியில் தானாக நின்றுபோகும்படி அமைத்தால், நடுநிசியில் விழிக்கும்போது நிசப்தத்தில் இரைச்சலே முதலில் எதிர்கொள்ளும் என்பதால், விடியும்வரை ஒலிக்க விடுங்கள். காலையில் எழுந்ததும் இன்றும் கேட்கிறதா என்று காதைத் தீட்டிச் சோதிக்கும் பழக்கத்தை விட்டொழிப்பது கடினம்தான். ஆனால் ஒவ்வொரு சோதனையும் அந்த ஓசை முக்கியமானது என்று மூளைக்கு மீண்டும் கற்றுக்கொடுக்கிறது.

பகலில் காதடைப்பான் அணிந்து அமைதி தேடுவதும் இதே காரணத்தால் தீங்காகும். அதைப் பேரொலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் என்பது தொழிலாளர் நலனுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. தறிக்கூடத்திலும் திருவிழா ஒலிபெருக்கி அருகிலும் நிற்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் கொள்ள வேண்டும்.

இரைச்சலை அடியோடு நீக்கும் மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாற்று மாத்திரைகளுக்குப் பணத்தை இறைக்காதீர்கள். வேதனையைக் குறைப்பதில் வலுவான சான்று உள்ளது அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்குத்தான்; இந்த ஓசை என்னை அழித்துவிடும் என்ற எண்ணத்தைப் பயிற்சி பெற்ற உளவியலாளர் துணையுடன் படிப்படியாகத் தளர்த்துவது அது. வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் இந்தியாவில் 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

பழகுவதற்கு மாதங்கள் பிடிக்கும். உறக்கம் கெட்ட மறுநாளும், மனக்கவலை மிகுந்த வாரத்திலும் இரைச்சல் உரத்துக் கேட்கும். அதைக் கொண்டு காது மேலும் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாமல், அன்றிரவும் மின்விசிறியை வழக்கமான அளவிலேயே ஓடவிட்டுப் படுங்கள்.