இடுப்பு மூட்டுத் தேய்மானம்: வலியையும் விறைப்பையும் கையாளத் தொடங்குவது எப்படி?

இடுப்பு வலிக்கிறது என்பவரிடம் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் கை முதுகின் அடிப்பகுதிக்கோ பக்கவாட்டு எலும்புக்கோதான் போகும். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தும் மூட்டோ உடலின் முன்பக்கமாக ஆழத்தில் இருப்பதால், அது தேயும்போது வலி பொதுவாகத் தொடையிடுக்கில் தெரியும். சிலருக்கு அது முழங்காலில் மட்டுமே தெரிந்து, தவறான மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க வைப்பதும் உண்டு.

படி 1: கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தபடி கணுக்காலை எதிர்த் தொடையின்மேல் வைத்துக் காலுறை மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். தேய்மானத்தில் காலைச் சுழற்றும் அசைவு பெரும்பாலும் முதலிலேயே குறைந்துவிடும் என்பதால், நடையில் தெரியாத விறைப்பும் இங்கே பிடிபடும். காலையில் எழுந்ததும் தெரியும் விறைப்பு வழக்கமாக 30 நிமிடங்களுக்குள் தளர்ந்துவிடும். அது நெடுநேரம் நீடித்தாலோ, வேறு மூட்டுகள் வீங்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலோடு வலி வந்தாலும், விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலும் அன்றே சென்றாக வேண்டும்.

படி 2: அசையுங்கள். மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும், தேய்மானத்தில் தேய்ந்துபோகும் வழவழப்பான குருத்தெலும்புக்கு இரத்த நாளங்கள் கிடையாது. மூட்டு அழுந்தி விடுபடும்போது உள்ளிருக்கும் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. எனவே முழு ஓய்வு மருந்தாகாது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றி, பிட்டத்தை மெல்ல உயர்த்தி ஐந்து விநாடிகள் நிறுத்தி இறக்குங்கள். பிறகு, வலிக்கும் கால் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, அதை நீட்டியபடியே சற்று உயர்த்தி இறக்குங்கள். ஒவ்வொன்றும் எட்டுப் பத்து முறை போதும். செய்யும்போது லேசாக வலித்தால் அஞ்ச வேண்டாம். மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

படி 3: கைத்தடியைச் சரியான கையில் பிடியுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். நடக்கையில் ஒற்றைக்காலில் நிற்கும் நொடியில், உடல் சாய்ந்துவிடாதபடி பக்கவாட்டுத் தசைகள் இழுத்துப் பிடிப்பதால், அந்த மூட்டின்மீது உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுமை விழுகிறது. எதிர்க்கையில் ஊன்றும் தடி அந்த இழுப்பின் தேவையைக் குறைக்கிறது. (தடி என்றதும் முகம் சுளிப்பவர்கள், நொண்டி நடப்பதுதான் அதைவிட அதிகமாகக் கண்ணில் படும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.) கையைத் தொங்கவிட்டு நின்றால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வர வேண்டும். படியேறும்போது நல்ல காலையும், இறங்கும்போது தடியோடு வலிக்கும் காலையும் முதலில் வையுங்கள்.

படி 4: இருக்கையும் மாத்திரையும். உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடத் தாழாத உயரமான நாற்காலி நல்லது. ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் பலன் தந்தாலும், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாங்களாக வாங்கி விழுங்கக்கூடாது. உடல் எடை கூடுதலாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவும் மேலே சொன்ன மடங்குக் கணக்கில் மூட்டுக்கு இலாபம்.

இவற்றைச் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்த பின்னும் வலி தூக்கத்தைக் கெடுத்து, அன்றாட நடையையும் சுருக்கிவிட்டால், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அந்த முடிவில் எக்ஸ்ரே படத்தோடு, நீங்கள் முதல் படியிலிருந்து குறித்துவைத்த ஏட்டுக்கும் இடமுண்டு.